சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கார் பந்தயப் பேச்சு

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து, காவிரிப் பாலத்தில் கொஞ்சம் காற்று வாங்கி, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்குவது என் வழக்கம். இந்தப் பக்கங்களைப் படிக்கும் அன்பர்களுக்கு அது தெரிந்த கதைதான். அங்கே எங்கள் மூவர் சபை கூடும். பொன்மலைப் பணிமனையில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர் ஒருவர், மத்திய அரசு குமாஸ்தாவாகக் காலம் தள்ளிய நான். ஆளுக்கொரு காபி, அரை மணி நேரம் நாட்டு நடப்பு, பிறகு அவரவர் பஸ்.

போன வாரம் பொன்மலைக்காரர் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "வாங்க சார். உங்க பிரெஞ்சுக்காரன் கண்டுபிடிச்ச பந்தயத்துல அமெரிக்காக்காரன் திரும்பவும் குதிக்கிறானாம். காடிலாக்குன்னு புது டீமாம்."

ஆசிரியர் விடவில்லை. "எத்தனை தடவை சார் குதிப்பான்? பணம் இருக்கு, ஆள் இருக்கு, கார் கண்டுபிடிச்ச நாடுன்னு பேரும் இருக்கு. ஒண்ணும் நடக்கலையே! அமெரிக்காவாலேயே முடியலேன்னா நாமெல்லாம் எந்த மூலைக்கு? உங்க பேரன்கிட்ட சொல்லுங்க, அந்த விளையாட்டையெல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. என் பேரன் திருச்சிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருஷம் மெக்கானிக்கல் படிக்கிறான். இருபது பையன்களும் ஐந்தாறு பெண்களும் சேர்ந்து ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய சின்னப் பந்தயக் கார் ஒன்றைத் தாங்களே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் என்று மாணவர்களுக்கு ஒரு போட்டி உண்டு, அதற்காக. என் மகனுக்கு இது பிடிக்கவில்லை. வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் சாப்பாடு பாதியில் நிற்கிறது. என்னிடம் மகன் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "அப்பா, நீங்க சொன்னா கேப்பான், நீங்க சொல்லுங்க."

சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டாமா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கார் கண்டுபிடித்தது ஜெர்மனிக்காரன் என்பதை ஆசிரியருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். பந்தயத்தை ஒழுங்குபடுத்தியவன் பிரெஞ்சுக்காரன். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் 'கிரான் ப்ரீ' என்ற சொல் எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். பெரிய பரிசு, அவ்வளவுதான் அர்த்தம். எங்கள் தெருவில் ஒரு 'சொல்தா' இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் வீட்டுக்குக் கப்பலில் வரும் பிரெஞ்சுப் பத்திரிகைகள் இரண்டு மாதம் பழசாகி எங்கள் கைக்கு வரும். அதில்தான் முதல் பந்தயக் கார் படம் பார்த்தேன். இன்றைக்கு நாம் மெக்கானிக் ஷெட்டில் சகஜமாகப் புழங்கும் கராஜ், சேஸிஸ், ஷோபர் எல்லாம் பிரெஞ்சுச் சொற்களே. ஷோபர் என்றால் அடுப்பு மூட்டுகிறவன் என்று பொருள் சொன்னால் நம் டிரைவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

1906-இல் லெ மான் நகரில் முதல் கிரான் ப்ரீ நடந்தது. ரெனோ காரில் ஃபெரென்க் ஸிஸ் என்ற ஹங்கேரிக்காரர் ஜெயித்தார். அதற்கு முன்பு நடந்து வந்தது கார்டன் பென்னெட் கோப்பை. அந்தக் கோப்பையைக் கொடுத்தவர் ஓர் அமெரிக்கர், நியூயார்க் ஹெரால்டு பத்திரிகையின் முதலாளி, பாரீசில் குடியிருந்தவர். 1900 முதல் 1905 வரை ஆறு முறை அந்தப் பந்தயம் நடந்தது. பிரான்ஸ் நான்கு முறை, இங்கிலாந்து ஒரு முறை, ஜெர்மனி ஒரு முறை. கோப்பை கொடுத்தவரின் நாட்டுக்கு ஒன்றும் இல்லை. வின்டன் என்ற அமெரிக்கர் இரண்டு முறை தன் காரோடு கப்பல் ஏறி வந்து பார்த்தார், பந்தயத்தை முடிக்கக்கூட இயலவில்லை. ஆக, இந்தத் துன்பம் இன்று நேற்று வந்ததில்லை.

அந்தக் கோப்பையில் ஒரு விதி உண்டு. ஒரு நாட்டின் பெயரில் ஓடும் காரின் ஒவ்வொரு உறுப்பும் அந்த நாட்டிலேயே செய்யப்பட்டிருக்க வேண்டும். நாட்டுக்கு மூன்று கார்தான் என்பது இன்னொரு விதி. பிரெஞ்சுக்காரர்களிடம் கார் கம்பெனிகள் நிறைய, மூன்று போதவில்லை. கோபித்துக்கொண்டு தனியாக ஆரம்பித்ததுதான் கிரான் ப்ரீ. மூன்று கார் விதி போனதோடு உறுப்பு விதியும் போயிற்று. குமாஸ்தா புத்தியோ என்னவோ, அந்த உறுப்பு விதி என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. பின்னால் வருகிறேன்.

அமெரிக்கர்கள் ஜெயிக்கவே இல்லை என்று ஆசிரியர் சொன்னது முழு உண்மையில்லை. 1921-இல் ஜிம்மி மர்ஃபி டூசன்பெர்க் காரில் வந்து பிரெஞ்சுக்காரர்களை அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்தார். 1967-இல் டான் கர்னி பெல்ஜியத்தில் ஸ்பா பந்தயத்தை ஜெயித்தார். அது அவரே கட்டிய ஈகிள் கார். முந்தின வாரம்தான் லெ மானில் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்து, மேடையில் ஷாம்பெய்ன் பாட்டிலைக் குலுக்கி எல்லார் மேலும் பீய்ச்சினார். இன்றைக்கு எந்த விளையாட்டு ஆனாலும் பீய்ச்சுகிறார்களே, அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அவர்தான். எங்கள் சொல்தா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல சரக்கை வீணாக்குறான் பாவி" என்று வருத்தப்பட்டது நினைவிருக்கிறது. அந்த ஈகிள் காரின் உடல் கலிபோர்னியாவில் செய்தது, என்ஜின் இங்கிலாந்தில் வெஸ்லேக் பட்டறையில் செய்தது. அதனால்தான் அணிக்கே ஆங்கிலோ அமெரிக்கன் ரேசர்ஸ் என்று பெயர். கர்னி நேர்மையான மனிதர்.

பிறகு ரோஜர் பென்ஸ்கி வந்தார். அமெரிக்காவில் அவர் தொட்டதெல்லாம் துலங்கியது. ஃபார்முலா ஒன்னுக்கு வந்தபோது இங்கிலாந்தில் பூல் என்ற ஊரில் பட்டறை போட்டார். 1976 ஆகஸ்ட் 15 அன்று ஆஸ்திரியாவில் ஜான் வாட்சன் அந்த அணிக்கு ஜெயித்துக் கொடுத்தார். ஜெயித்தால் தாடியை எடுக்க வேண்டும் என்று முதலாளியோடு பந்தயமாம், எடுத்துவிட்டார். தாடியோடு அணியும் போயிற்று. அந்த வருஷக் கடைசியில் பென்ஸ்கி கடையைக் கட்டி ஊருக்குத் திரும்பிவிட்டார். அடுத்த வருஷம் அதே ஆஸ்திரியாவில் ஷேடோ என்ற இன்னொரு அமெரிக்க அணி ஜெயித்தது. அதுவும் இங்கிலாந்தில் நார்தாம்ப்டனில் குடியிருந்த அணி. அதன் பின் எந்த அமெரிக்க அணியும் ஜெயித்ததில்லை.

2009-இல் யு.எஸ். எஃப் ஒன் என்று ஓர் அணி, அமெரிக்காவிலேயே வட கரோலினாவில் கார் கட்டுகிறோம் என்று அறிவித்தது. ஒரே ஒரு பந்தயத்துக்குக்கூடக் கார் வெளியே வரவில்லை. 2016-இல் வந்த ஹாஸ் அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஜீன் ஹாஸ் கம்ப்யூட்டர் கடைசல் இயந்திரங்கள் செய்து விற்பவர். அவர் கம்பெனி இயந்திரங்கள் கோவைப் பட்டறைகளிலேயே ஓடுகின்றன. அவர் என்ன செய்தார்? என்ஜினும் கியர்பாக்ஸும் இத்தாலியின் ஃபெராரியிடம் வாங்கினார். சேஸிஸை டல்லாராவிடம் செய்துகொண்டார். இங்கிலாந்தில் பேன்பரியில் ஒரு கூடாரம் போட்டார். அமெரிக்காவில் தலைமை அலுவலகம் இருக்கிறது. முதல் பந்தயத்திலேயே ஆறாம் இடம், 2018-இல் வருஷ முடிவில் ஐந்தாம் இடம். அதற்கு மேல் ஏற முடியவில்லை.

பணம் குறைவா? ஃபார்முலா ஒன் வியாபாரமே 2017 முதல் லிபர்ட்டி மீடியா என்ற அமெரிக்கக் கம்பெனியின் கையில். ஆஸ்டின், மயாமி, லாஸ் வேகாஸ் என்று மூன்று பந்தயங்கள் அங்கேயே நடக்கின்றன. இருந்தும் ஆண்ட்ரெட்டி குடும்பம் அணி ஆரம்பிக்கக் கேட்டபோது, பாரீசில் இருக்கும் சம்மேளனம் சரி என்றது, அமெரிக்க முதலாளியின் கீழ் இருக்கும் ஃபார்முலா ஒன் நிர்வாகம் 2024 ஜனவரியில் வேண்டாம் என்றது. அதன் பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் முன்னுக்கு வந்து, காடிலாக் என்ற பெயரில் 2026-க்கு இடம் கிடைத்தது. ஒரு கோப்பு ஒரு மேசையில் ஒப்புதலாகி அடுத்த மேசையில் திரும்பி வருவதை முப்பத்தைந்து வருஷம் பார்த்தவன் நான். எனக்கு ஆச்சரியமில்லை.

என் கருத்து என்னவென்றால், அமெரிக்கர்கள் தோற்றது திறமைக் குறைவால் வந்ததில்லை. அவர்கள் ஊர்ப் பந்தயத்தில் எல்லா அணிகளும் ஒரே கம்பெனியிடம் ஒரே மாதிரி சேஸிஸ் வாங்கிக்கொள்கின்றன. அதைச் சீர் செய்து ஓட்டுவதில் அவர்கள் மன்னர்கள். ஃபார்முலா ஒன்னில் அவரவர் காரை அவரவரே உருவாக்க வேண்டும். அதற்கு வேண்டிய ஆட்கள், வார்ப்படக்காரர், கார்பன் நாரில் அச்செடுப்பவர், காற்றுச் சுரங்கத்தில் சோதிப்பவர் என்று எல்லாரும் இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோனைச் சுற்றி ஒன்றிரண்டு மணி நேரப் பயண தூரத்தில் குடியிருக்கிறார்கள். ஒரு அணியில் வேலை போனால் அடுத்த அணி பக்கத்து ஊரில் இருக்கிறது. குழந்தையின் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டாம். அவனை வட கரோலினாவுக்கு வா என்றால் எப்படி வருவான்? இடமாற்ற உத்தரவு வந்தால் நாமே என்ன பாடு படுத்தினோம்!

இப்போது நம் கதைக்கு வருகிறேன். நம்மிடமும் ஓர் அணி இருந்தது. ஃபோர்ஸ் இந்தியா. 2007-இல் விஜய் மல்லையாவும் ஒரு டச்சுக்காரரும் சேர்ந்து ஸ்பைக்கர் அணியை 8.8 கோடி யூரோவுக்கு வாங்கினார்கள். அது அதற்கு முன் மிட்லாண்ட், அதற்கு முன் ஜோர்டான். 2009-இல் ஸ்பாவில் ஃபிஸிகெல்லா முதல் இடத்திலிருந்து கிளம்பி இரண்டாவதாக வந்தபோது, ஆரஞ்சும் வெள்ளையும் பச்சையுமாக அந்தக் காரைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. மறைக்கவில்லை. 2016, 2017 இரண்டு வருஷமும் நான்காம் இடம். அமெரிக்கர்களைவிட நாம் கெட்டிக்காரர்கள் என்று இதே சத்திரத்தில் நான் மார்தட்டியிருக்கிறேன்.

பிறகு நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டறை சில்வர்ஸ்டோனில். என்ஜின் முதலில் ஃபெராரி, பிறகு மெர்சிடீஸ். அந்தப் பத்து வருஷத்தில் ஓர் இந்திய ஓட்டுநர்கூட அந்த அணிக்காகப் பந்தயத்தில் ஓட்டவில்லை. நம் நாராயண் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் ஓட்டியது வேறு அணிகளில். 2017-இல் ஓர் ஆஸ்திரியத் தண்ணீர்க் கம்பெனி காசு கொடுத்ததும் கார் முழுக்க இளஞ்சிவப்பு ஆயிற்று. 2018 ஜூலையில் அணி திவால் நிர்வாகத்துக்குப் போனது. நானூறு பேர் வேலை தொங்கியது, கனடா பணக்காரர் லாரன்ஸ் ஸ்ட்ரோல் வாங்கினார். இன்று அதன் பெயர் ஆஸ்டன் மார்ட்டின். பட்டறை அங்கேயேதான் இருக்கிறது. பெயர்ப்பலகைதான் ஆறு தடவை மாறியிருக்கிறது.

சத்திரத்தில் உட்கார்ந்து பஸ்ஸைப் பார்ப்பவனுக்கு இது புதிதில்லை. சேஸிஸ் லேலண்டுக்காரன் கொடுத்தது. பாடி கரூரில் கட்டியது. முகப்பில் முதலாளியின் குலதெய்வத்தின் பெயர். முதலாளி மாறினால் பெயிண்டர் வந்து ஒரே ராத்திரியில் தெய்வத்தை மாற்றிவிடுவார். பஸ்ஸைக் கட்டத் தெரிந்தவன் யார் என்று கேட்டால் கரூர்க்காரனைத்தான் சொல்ல வேண்டும், முகப்பில் இருக்கும் பெயரையா சொல்வது? ஃபோர்ஸ் இந்தியா என்ற பஸ்ஸில் நாம் முகப்பெழுத்து மட்டும்.

கார்டன் பென்னெட்டின் உறுப்பு விதியை வைத்துப் பார்த்தால் எனக்கு ஃபோர்ஸ் இந்தியாவைவிடப் பெரிதாகத் தெரிவது கோவை கரிவரதன் செய்த வேலை. லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. மில்லைப் பார்த்துக்கொண்டு சௌகரியமாக இருந்திருக்கலாம். எண்பதுகளின் இறுதியில் மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி. என்ஜின் ஜப்பானியரின் வடிவமைப்பு என்று யாராவது குறுக்கே வரலாம், வரட்டும். சாதாரணப் பட்டறையில் கட்டலாம், உடைந்தால் இங்கேயே சரி செய்யலாம், ஓரளவு வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் ஓட்டலாம். அதுவரை சோழவரத்தில் யுத்த கால விமான ஓடுதளத்தில் வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்ய முடிந்த சிலர் ஓட்டினார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் போட்டதும் ஃபார்முலா மாருதி அங்கே ஓடியது. அந்தக் காரில் பந்தயம் ஆரம்பித்த பையன்தான் நாராயண் கார்த்திகேயன். பிறகு பிரான்சில் வின்ஃபீல்டு பள்ளியில் பயின்று, இங்கிலாந்தில் பல வருஷம் கீழ்ப் பந்தயங்களில் ஓட்டி, 2005-இல் மெல்போர்னில் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த வருஷம் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் டயர் பிரச்சினையால் பதினான்கு கார்கள் விலகிவிட, மிச்சம் ஓடிய ஆறு கார்களில் நான்காவதாக வந்தார். ஆறில் நான்கு என்று சிரித்தவர்கள் உண்டு. ஓடியவனுக்குத்தான் புள்ளி. அவர் ஓட்டியது ஜோர்டான் கார். பின்னால் ஃபோர்ஸ் இந்தியா ஆன அதே அணி! நம் பெயர் இல்லாதபோது நம் பையன் இருந்தான். நம் பெயர் வந்தபோது அவன் இல்லை.

கரிவரதன் 1995-இல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிப்பாளையம் தடத்துக்கு அவர் பெயர்தான். என் பேரன் கார் கொண்டுபோகப் போகும் தடம் அதுதான்.

கிரேட்டர் நொய்டாவில் புத்தா தடம் கட்டி 2011, 2012, 2013 மூன்று வருஷம் உலகப் பந்தயம் நடத்தினோம். மூன்றையும் வெட்டல் ஜெயித்தார். இது விளையாட்டா, கேளிக்கையா என்று உத்தரப் பிரதேசத்தில் வரித் தகராறு. கேளிக்கை என்றால் கேளிக்கை வரி கட்ட வேண்டும். வருமான வரி வழக்கு தனியாக உச்ச நீதிமன்றம் வரை போய் 2017-இல் தீர்ப்பானது. அதற்குள் பந்தயம் ஊரை விட்டே போயிருந்தது. வரி கேட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், அரசாங்கச் சம்பளத்தில் வாழ்ந்தவன். தடம் போடுவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய கோப்பு அது, அவ்வளவுதான். 2024 ஆகஸ்டு கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஃபார்முலா 4 நடந்ததை டி.வி.யில் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அந்த இரண்டு நாள் விளக்கு வெளிச்சத்துக்குக் காட்டிய அக்கறையில் கொஞ்சம், மாணவர் கட்டும் கார்களுக்கும் காட்டினால் நான் இன்னும் கைதட்டுவேன்.

திருச்சியில் என்ன இருக்கிறது என்று ஆசிரியர் கேட்பார். வெல்டிங் இருக்கிறது. அறுபதுகளில் பாரத மிகுமின் நிறுவனம் திருவெறும்பூர் பக்கம் கொதிகலன் செய்ய வந்தது முதல், உயர் அழுத்தக் குழாய்களைப் பற்றவைக்கும் கைகளை இந்த ஊர் வளர்த்திருக்கிறது. வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே இங்கேதான். துவாக்குடி வரை சின்னச் சின்னப் பட்டறைகள். பேரனின் காருக்குக் குழாய்ச் சட்டத்தைப் பற்றவைத்துக் கொடுத்தவர் அப்படி ஒரு பட்டறைக்காரர். வரைபடத்தைப் பார்த்து, "தம்பி, இந்த மூலையில மூணு குழாய் சேருது, இப்படி வச்சா பத்த வைக்கக் கை நுழையாது" என்று சொல்லி அவர்களையே மாற்றி வரையச் சொன்னாராம். சில்வர்ஸ்டோனிலும் இப்படித்தானே ஒருவர் யாருக்கோ சொல்லியிருப்பார்!

ஆசிரியரே, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. அமெரிக்கா தோற்றது உச்சாணிக் கிளையில். என் பேரன் இருப்பது வேரில். அங்கே தோற்றாலும் பற்றவைக்கத் தெரிந்திருக்கும், எடை கணக்கிடத் தெரிந்திருக்கும், இருபது பேரோடு சண்டை போட்டுக்கொண்டே வேலையை முடிக்கத் தெரிந்திருக்கும். வங்கிப் பரீட்சை அடுத்த வருஷமும் வரும்.

இவ்வளவு உறுதியாக நான் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன். எனக்கு ஒரு தம்பி. எட்டு வயதில் அப்பாவின் சைக்கிளைப் பிரித்து மாட்டியவன். 1974-இல் கோவையில் ஒரு பட்டறையில் அவனுக்கு வேலை கிடைத்தது. சம்பளம் சொற்பம். அப்பா காலமாகியிருந்தார், வீட்டில் மூத்தவன் நான். "கையில கிரீஸ் பூசிக்கிற வேலையெல்லாம் வேண்டாம்" என்று சொல்லி, குமாஸ்தா பரீட்சைக்கு நானே விண்ணப்பம் பூர்த்தி செய்தேன். அவன் கையெழுத்து மட்டும் போட்டான். பாஸ் செய்தான், முப்பத்து மூன்று வருஷம் சர்வீஸ், கண்காணிப்பாளராக ஓய்வு. ஒரு நாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. அவன் வீட்டு மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதற்குள் பழைய மொபெட் என்ஜின்கள் ஏழு எட்டு. அந்தக் கொட்டகைக்குள் நான் அதிகம் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேரன் அவனைக் கல்லூரிக்கு அழைத்துப்போனான். நானும் கூடப் போனேன். எழுபதைத் தாண்டிய ஆசாமி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் மல்லாக்கப் படுத்து அந்தக் காரின் அடியில் நுழைந்துவிட்டான். ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும்: "அண்ணே, அந்த டார்ச்சை இப்படிக் காட்டு." காட்டினேன்.

கோயம்புத்தூருக்கு மூன்று டிக்கெட் போட்டாகிவிட்டது. மகனிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக் காலை காபிக்குப் பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன்.